தோற்கத் தெரியாத தளபதி

பல்செட்டுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். அவர் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து அனுப்பினால், அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, கடைசியில் ஒரு முழுச் சிரிப்பை டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர். எந்த வாய்க்குள் போகிறது என்று தெரியாமலேயே முப்பது வருடமாகப் பல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்த பல்தான் என்று அவரே சொல்வார்.

சிரிப்பதற்குக் காரணத்தையும் அவரே கொடுத்திருந்தார். ஐம்பத்து நான்கு வயதில், ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல், கட்டைவிரல் உயரத்துப் பொம்மை வீரர்களை மேசையில் அடுக்கிப் போர் விளையாடுகிற மனிதர் அவர். நூலகத்து மாடியில், பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அறையில், எட்டுப் பேர் கொண்ட ஒரு சங்கம் இதற்கென்றே கூடும். ஆறடிக்கு நாலடி மேசையில் பச்சைத் துணி விரிப்பார்கள். அட்டையில் குன்று, நீல ரிப்பனில் ஆறு. இந்தப் பக்கம் ரோமானியர் என்றால் அந்தப் பக்கம் பாரசீகர். யார் எத்தனை இஞ்சு நகரலாம் என்று தையல் டேப்பால் அளப்பார்கள். இரண்டு படை மோதினால் பகடை உருட்டுவார்கள். தோற்ற பொம்மை மேசையை விட்டு இறங்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்கு நூற்றிருபது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம்.

அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் இருந்தார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. எந்தத் தகராறு வந்தாலும் பக்க எண்ணோடு தீர்ப்புச் சொல்வதால் அவருக்கு விதியார் என்று பெயர் விழுந்துவிட்டது. தோற்றவர்கள் எல்லாம் விதியின் மேல் பழி போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வசதியாக இருந்தது.

பல்செட்டுக்காரருக்கு அந்த வசதி அதிகம் தேவைப்பட்டது. பதினோரு வருடத்தில் அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை சமனில் முடிந்தது. அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. பல்லுக்குச் சாயல் ஏற்றுகிற அதே தூரிகையால் வீரனின் கண்ணில் விழி வைப்பார், குதிரைக்குப் பல் வைப்பார். சிக்கலே அங்கேதான் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து தீட்டிய தேரை எதிரியின் ஈட்டிக்கு முன்னால் அனுப்ப மனம் வராது. தாக்க வேண்டிய நேரத்தில் பாசம் வந்துவிடும். பாசம் விலகி அவர் தாக்கக் கிளம்பும்போது எதிரி மூன்று பக்கமும் வந்து நின்றிருப்பான். இது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன பயன் என்றும் தெரியும்.

அவர் மனைவி குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்களை வாங்கிக்கொள்கிற வேலையில் இருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கிப் பழகியவர். ஞாயிறு மதியம் கணவர் பெட்டியோடு உள்ளே வந்து, இன்றைக்கு இடப்பக்கம் உடைந்தது, குதிரைப்படை கவிழ்ந்தது என்று ஆரம்பித்தால், காய் நறுக்கியபடியே, "சரிங்க, உங்க புகார் பதிவாயிடுச்சு" என்பார். அதற்கு மேல் அந்தப் போருக்கு விசாரணை கிடையாது.

பல்செட்டுக்காரரை அதிகம் தோற்கடித்தவர் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை. எறும்புத் தலை அளவு திருகாணியைக் கையால் பிடித்துச் சட்டத்தில் ஏற்றுகிறவர். சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள். பல்லு என்று அவர் கூப்பிட, கண்ணாடி என்று இவர் கூப்பிட, ஊரில் பலருக்கு இரண்டு பேரின் சொந்தப் பெயரே மறந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் ஆட்டத்தில் இரக்கம் காட்டமாட்டார். அடித்து முடித்துவிட்டு எங்கே கோட்டை விட்டாய் என்று பொறுமையாக விளக்கவும் செய்வார். அடியைவிட அந்த விளக்கம்தான் வலிக்கும்.

அந்த வருடத்தின் ஆரம்பத்தில் கண்ணாடிக்கடைக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. நடை மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் போட்டால் மடியில் கிடந்தது. ஏழு மாதம் அவர் கடைக்கும் போகவில்லை, நூலகத்து மாடிக்கும் வரவில்லை. பல்செட்டுக்காரர் வாராவாரம் போய்ப் பார்ப்பார். போனால் என்ன பேசுவது என்று தெரியாமல், தான் அந்த வாரம் தோற்ற கதையைச் சொல்வார். கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பார். எங்கே கோட்டை விட்டாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் பல்செட்டுக்காரரை உறுத்தியது.

ஒரு நாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி வேலை நேரத்தில் போன் செய்தார். பல்செட்டுக்காரருக்கு அவர் அண்ணி முறை. கைப்பயிற்சியை அடியோடு விட்டுவிட்டார், பந்தைக் கொடுத்தால் மூலையில் வீசுகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். போனை வைக்கப் போகும்போது தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"அவரு ஜெயிக்கிற மாதிரி கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி."

அன்றைக்கு மாலை பல்செட்டுக்காரர் இதை மனைவியிடம் சொன்னபோது அவருடைய குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. பதினோரு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், இதற்குப் போய்ச் சிபாரிசு வேண்டுமா என்று கேட்டார். மனைவி சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் படுக்கும்போது பல்செட்டுக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏழு மாதம் விளையாடாத மனிதன். ஒரு கை இல்லை. போதாததற்கு மனசும் சரியில்லை. இந்த லட்சணத்தில், தவறிப்போய் தான் ஜெயித்துத் தொலைத்தால் என்ன ஆவது?

ஆகவே படைகளைத் தானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தார். தன்னால் எந்த நிலையிலும் ஜெயிக்க முடியாத ஒரு ஜோடி வேண்டும். சிநேக ஆட்டம் என்றால் எந்தக் காலத்துப் படையும் எந்தக் காலத்துப் படையோடும் மோதலாம். கையிருப்பில் நாலு படைகள் இருந்தன. இதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒன்பது நாள்.

முதலில் நண்பனுக்கு. ஈட்டிக்காரர்கள் ஆகாது. ஒல்லி ஒல்லியான பொம்மைகள், இடது கையால் தூக்கினால் நாலு பேர் சரிவார்கள். பெரிதாக, பிடிமானமாக இருக்க வேண்டும். யானை. ரோமாபுரியை நடுங்க வைத்த ஹானிபலின் படையில் ஒன்பது யானைகள் அவரிடம் இருந்தன. தந்தங்கள் எல்லாம் பல்செட்டுக்கு வாங்கிய பிசினில் அவரே செய்தவை. ஒரு வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் யானைகளைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். வழுக்கிய இரண்டு யானைகளுக்கு அடிப்பலகையை அகலமாக்கினார். மனைவி தட்டோடு வந்து நின்று, அவரையும் யானையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டார்.

அடுத்து தனக்கு. ரோமானியர்கள் கூடாது. அவர்கள் கடைசியில் ஹானிபலை ஜெயித்தவர்கள், பழக்கதோஷத்தில் மறுபடி ஜெயித்துவிடுவார்கள். பாரசீகக் குதிரைகள் வேகமானவை, சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் அடிக்கும். கடைசியில் கண்ணில் பட்டது எகிப்தியப் பெட்டி. ஹானிபலுக்கு ஆயிரம் வருடம் முந்தைய சேனை. பதினான்கு தேர்கள், கவசமில்லாத காலாட்கள், வில்லாளிகள். யானை வாடை பட்டாலே குதிரைகள் மிரளும் என்று விதிப்புத்தகம் அறுபத்தேழாம் பக்கத்தில் தெளிவாகச் சொல்கிறது. இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி கிடைக்காது. வில்லாளிகள் மட்டும் கொஞ்சம் ஆபத்தானவர்கள். அவர்களைக் குன்றுக்குப் பின்னால் போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாமல் கிடப்பார்கள்.

விதியாருக்குப் போன் போட்டுச் சொன்னார். டிப்போவில் ஒரு நிமிடத் தாமதத்துக்கே சீட்டுக் கிழிக்கிற மனிதர். ஆயிரம் வருடத் தாமதத்தை எந்தப் பத்தியில் குறிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சிநேக ஆட்டம்தானே என்று அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். இருபத்திரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். யாராவது கை நீட்டினால் அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தார், அது தானாகத் திரும்பிப் போனது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இரண்டு படைகளையும் பார்த்தார்.

"எனக்கு யானையா?"

சும்மா ஒரு மாறுதலுக்கு என்றார் பல்செட்டுக்காரர். அவர் குரல் அவருக்கே கேட்க நன்றாக இல்லை.

ஆட்டம் தொடங்கியது. பல்செட்டுக்காரர் திட்டத்தின்படி நேராகக் காரியத்தில் இறங்கினார். பதினோரு வருடமாக ஒரு இஞ்சு முன்னால் அனுப்பத் தயங்கிய தேர்களை, கண்ணை மூடிக்கொண்டு, யானைகளின் தும்பிக்கைக்கே நேராக ஓட்டினார். குதிரைகள் மிரள வேண்டும். மிரளாமல் இருக்கப் பகடையில் ஆறு விழ வேண்டும். விழுந்தது ஆறு. அடுத்த தேருக்கும் ஆறு. கண்ணாடிக்கடைக்காரர் இடது கையால் உருட்டியதில் ஒன்று விழுந்தது. நடுவில் நின்ற யானை காயம்பட்டு, விதிப்படி வெறி பிடித்து, விதிப்படித் திரும்பி, தன் படை ஈட்டிக்காரர்களையே மிதித்துக்கொண்டு மேசை விளிம்பு வரை ஓடியது.

பல்செட்டுக்காரருக்கு வியர்த்தது. மற்ற மேசைகளில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். அவர் பதறிப்போய் எல்லாத் தேர்களையும் பின்வாங்க வைத்தார். பின்வாங்கியதில் நடுவே பெரிய வழி திறந்தது. மிச்ச யானைகளில் நான்கு அந்த வழியாக உள்ளே புகுந்து, நேரே குன்றின் அடியில் போய் நின்றன. குன்றுக்குப் பின்னால் அறுபது வில்லாளிகள்.

விதியார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் இதுவரை பல்செட்டுக்காரர் கண்டிராத ஒரு மரியாதை இருந்தது. ஓடுகிற மாதிரி ஓடி, உள்ளே இழுத்து, பதுங்கியிருந்து அடிப்பது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், இந்த மேசையில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். பதுங்கியவர்களுக்கு இரண்டு பகடை எறி உண்டு, நூற்றிரண்டாம் பக்கம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பல்செட்டுக்காரர் மெல்லிய குரலில் எறி வேண்டாம் என்றார்.

"வேண்டாம்னு சொல்ல விதியில எடமில்ல" என்றார் விதியார்.

எறிந்தார். ஐந்து, ஆறு. இரண்டு யானைகள் மேசையை விட்டு இறங்கின. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அப்போதுதான் பல்செட்டுக்காரருக்குத் தன் நிலைமை புரிந்தது. இத்தனை வருடம் தோற்றதெல்லாம் ஜெயிக்கப் பார்த்து வந்த தோல்வி. தோற்க வேண்டும் என்று உட்கார்ந்து தோற்பதற்குத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும். அதுவும் தன்னிடம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கையாலாகாதவன் என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு காலை தேவையாக இருந்திருக்கிறது.

வேறு வழி தெரியாமல் திருட்டுத்தனத்தில் இறங்கினார். தன் தேர்ப்படை எட்ட வேண்டிய இடத்துக்கு ஆறு இஞ்சு. டேப்பின் நுனியைக் கட்டைவிரலுக்கு அடியில் சற்றே மடித்து, எட்டவில்லை, அரை இஞ்சு குறைகிறது என்றார்.

"டேப்ப ஒழுங்கா வை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்களுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். ஒருவர் தேநீர் எடுத்துவருகிறேன் என்று நகர்ந்தார், இன்னும் இரண்டு பேர் அவருக்கு உதவப் போனார்கள். விதியார் மட்டும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். இந்தச் சூழ்நிலைக்கு அதில் பக்கம் இல்லை.

"அவ சொன்னாளா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தார் பல்செட்டுக்காரர். வாய் வரவில்லை. அண்ணி ஒரு வார்த்தைதான் சொன்னார்கள், மிச்சமெல்லாம் நானாகச் செய்ததுதான் என்றார். ஒன்பது நாள் படை தேடியதையும் சொன்னார். இடது கையால் யானை தூக்கிப் பார்த்ததையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லி முடித்த பிறகு தோன்றியது.

கண்ணாடிக்கடைக்காரர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து, ஒரு பொருளை வைப்பது போல மேசை விளிம்பில் வைத்தார்.

"கைதாண்டா போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. வில்லாளிய குன்றுக்குப் பின்னாடி வச்சப்பவே பாத்துட்டேன். இத்தன வருஷத்துல நீ வில்லாளிய முன்னாடி வைக்காம இருந்ததே இல்ல."

"அப்ப ஏன் யானைய உள்ள விட்ட?"

"நீ எவ்வளவு தூரம் போறேன்னு பாக்கத்தான். பதினோரு வருஷமா உன்ன அடிக்கிறேன். ஒரு நாளாவது பாவம்னு நெனச்சு விட்டுக்குடுத்திருக்கனா?"

"இல்ல."

"ஏன்?"

இந்தக் கேள்வியைப் பல்செட்டுக்காரர் எப்போதும் தன் பக்கத்திலிருந்து மட்டுமே யோசித்திருக்கிறார். தான் மட்டமாக விளையாடுவதால் தோற்கிறோம் என்பதோடு அந்த யோசனை நின்றுவிட்டது.

"நீ ஒவ்வொரு தடவையும் நிஜமா விளையாடுன. அதுக்காகத்தான் ஞாயித்துக்கெழம ஆனா மாடி ஏறி வந்தேன். இன்னிக்குப் பொம்மைய அடுக்கி வச்சிட்டு எங்கிட்ட ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி சிரிக்கிற."

பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து மூக்கை உறிஞ்சினார். கண்ணாடிக்கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளாமல், ஆட்டத்தைக் கலைக்கச் சொன்னார். படைகளை மாற்ற வேண்டும். தேர்களும் வில்லாளிகளும் தனக்கு, யானைகள் இவனுக்கு.

அறுபது வில்லாளிகளும் ஒல்லி ஒல்லியான பொம்மைகள் என்று இவர் சொல்ல வாயெடுத்தார். விதியார் அவருடைய காலை மேசைக்கு அடியில் லேசாக மிதித்தார்.

இரண்டாவது ஆட்டம் பார்ப்பதற்குச் சிரமமாக இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு பொம்மையாக இடது கையால் தூக்கினார். வில்லாளிகள் சரிந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு தேர் கைதவறிக் கீழே விழுந்து குதிரையின் முன்னங்கால் உடைந்தது. அந்தக் குதிரைக்குப் பல்செட்டுக்காரர் ஒரு முழு நாள் செலவழித்துக் கடிவாளம் தீட்டியிருந்தார். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "ஒட்டிக்கலாம்" என்று மட்டும் சொன்னார் கண்ணாடிக்கடைக்காரர். மூன்றாவது தடவை வில்லாளிகள் சரிந்தபோது, நூலகத்து ஸ்கேல் ஒன்றை வாங்கி, தூக்குவதை விட்டுவிட்டு, வரிசை வரிசையாகத் தள்ள ஆரம்பித்தார். அது சுலபமாக இருந்தது. அளக்கும்போது டேப்பின் நுனி சுருண்டுகொண்டே வந்தது. அதன் மேல் அவர் தன் வலது முஷ்டியை எடுத்து வைத்து அழுத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து அந்த முஷ்டி இடது கையின் துணை இல்லாமல் டேப்பின் மேல் போய் உட்கார்ந்ததை விதியார் கவனித்தார்.

பல்செட்டுக்காரர் கவனிக்கவில்லை. அவர் நிஜமாக விளையாடிக்கொண்டிருந்தார். ஒன்பது யானைகள், ஆயிரம் வருடம் முன்னேறிய படை, எதிரே ஒரு கை மனிதர். இந்தத் தடவை ஜெயிக்கத்தான் வேண்டும் என்று உண்மையிலேயே பாடுபட்டார். ஆனால் யானைகளை அனுப்ப வேண்டிய நேரத்தில் அந்தத் தந்தங்கள் கண்ணில் பட்டன. உடைந்தால் மறுபடி அந்த வளைவு வராது. இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார். அந்த ஒரு சுற்றில் தேர்கள் இரண்டு பக்கமும் வந்துவிட்டன. ஒரு மணி பத்து நிமிடத்தில் கதை முடிந்தது.

"நீ எங்க கோட்ட விட்டேன்னு தெரியுதா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர். பதிலுக்குக் காத்திராமல் விளக்க ஆரம்பித்தார். விளக்கம் இருபது நிமிடம் போனது. பல்செட்டுக்காரர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். வழக்கம்போல வலித்தது.

கிளம்புகிற நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. முதல் ஆட்டத்தைப் பாதியில் கலைத்தது கண்ணாடிக்கடைக்காரர், அப்போது முன்னிலையில் இருந்தது பல்செட்டுக்காரர், ஆகவே விதிப்படி அது பல்செட்டுக்காரரின் வெற்றி என்று விதியார் சங்கத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார். இது என் வெற்றி இல்லை, அடித்துவிடுங்கள் என்று பல்செட்டுக்காரர் கெஞ்சினார். எழுதியதை அடிக்கிற பழக்கம் டிப்போவிலேயே கிடையாது என்றார் விதியார். கண்ணாடிக்கடைக்காரரோ அது இருக்கட்டும், படித்துப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருக்க வேண்டும் என்றார். பதினோரு வருடத்தில் கிடைத்த ஒரே வெற்றியை இவர் எங்கும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. மனைவியிடம் சொன்னார். அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணிக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். நடு நடுவே சிரிப்புச் சத்தம் வந்தது. தன்னைப் பற்றித்தான் என்பதில் பல்செட்டுக்காரருக்குச் சந்தேகமில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அதற்குப் பிறகு ஞாயிறு தவறவில்லை. அடுத்த மாதமே கடையையும் திறந்தார். கை முழுதாகத் திரும்பவில்லை. கட்டைவிரலும் அடுத்த விரலும் ஒரு காகிதத்தைப் பிடிக்கிற அளவுக்கு வந்து நின்றுவிட்டன. கண் பரிசோதனை அவரே செய்கிறார். திருகாணி வேலைக்கு மட்டும், வேலை முடிந்து புதன்கிழமை சாயங்காலம் பல்செட்டுக்காரர் போய் உட்காருகிறார். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அப்படி இல்லை, இப்படிப் பிடி, முப்பது வருடமாகப் பல்லைப் பிடித்த கையா இது என்று கண்ணாடிக்கடைக்காரர் குறை சொல்கிறார்.

படைகளைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். போன ஞாயிறு தனக்கு ரோமானியப் படையணி ஒன்றை முழுசாக வைத்துக்கொண்டு, பல்செட்டுக்காரருக்குக் கவண் வீசுகிற இடையர்கள் முப்பது பேரைக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நூறு வருடம் என்று விதியார் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார். பல்செட்டுக்காரர் இடையர்களை முன்னால் வைத்தார், ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று நிறுத்தினார், பன்னிரண்டு மணிக்குள் பெட்டியை மூடினார்.